ஆவணம் என்றால் தெரு

சங்கப் பாடல் நடத்தும்போது ‘ஆவணம்’ என்ற சொல் வந்தால் வகுப்பில் கொஞ்சம் நிற்பேன். இன்றைக்கு அதற்குப் பத்திரம், சான்று, கோப்பு என்று பொருள். பழைய தமிழில் கடைத்தெரு என்றும் பொருள் உண்டு. இரண்டும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன என்று ஆராய்வது மொழியியலாளர் வேலை. எனக்கு அந்தச் சேர்க்கை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பத்திரத்தில் பெயர் ஏறாதவர்களைத் தேட வேண்டுமானால் தெருவில்தான் இறங்க வேண்டும். பெண்களைத் தேடுவதென்றால் இன்னும் உள்ளே போக வேண்டும், சந்துக்கு.

சிங்கப்பூரின் சீனச் சந்துகளைப் பற்றி விருத்தாசலத்துக்காரி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதலில் என் ஊரைச் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, ரயில்வே ஜங்ஷன். எங்களுக்கு அதோடு பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெளிவரும் வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. ஃபியூஸ் கேரியர், ஜாடி, அகல் விளக்கு, கொலு பொம்மை எல்லாம் இங்கே வேகும். என் அம்மா பதினெட்டு வருஷம் பொம்மைக் கொட்டகையில் வேலை பார்த்தார். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் இரண்டு பக்கமும், பாதியும் பாதியும் சேர்ந்த இடத்தில், ஒரு கோடு ஓடும். அந்தப் பிசிறைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து, கோடு இருந்த சுவடே தெரியாமல் செய்வது அவர் வேலை. சீனாக் களிமண் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு, அந்த மண் சீனாவிலிருந்து லாரியில் வருகிறது என்றே சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். பாரசீகத்திலும் மலாயிலும் ‘பிங்கான்’, தமிழில் ‘பீங்கான்’. மண் வராவிட்டாலும் சொல் கப்பலேறியிருக்கிறது.

கப்பலேறிய மனிதரும் எங்கள் வீட்டில் ஒருவர் உண்டு. ஆயாவின் அக்கா, எங்களுக்குப் பெரியாயா. யுத்தம் முடிந்து இரண்டு வருஷத்தில் அவருடைய கணவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் போனார். இரண்டு கடிதம் வந்தது. தபால்காரர் படித்துக் காட்டினார். பிறகு கடிதமும் இல்லை, மனிதரும் இல்லை. பெரியாயா சாகும்வரை ஊரில் ‘சிங்கப்பூரான் பொண்டாட்டி’. அவருடைய சொந்தப் பெயரை நான் ரேஷன் கார்டில்தான் முதன்முதலில் பார்த்தேன்.

2024 டிசம்பரில் ஒரு கருத்தரங்குக்காகச் சிங்கப்பூர் போனபோது, பெரியாயாவுக்காக சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். நாகப்பட்டினத்திலிருந்தும் எங்கள் கடலூர்ப் பக்கத்திலிருந்தும் போனவர்கள் கும்பிட்டு வளர்த்த கோயில் அது. 1827-இல் அதை நிறுவியவர் நாராயண பிள்ளை. 1819-இல் ராஃபிள்ஸின் கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர். வந்ததும் அவர் போட்ட தொழில் என்ன தெரியுமா? செங்கல் சூளை. சூளை ஊரிலிருந்து போனவளுக்கு இந்தச் செய்தி தித்திக்கத்தான் செய்தது.

கோயிலின் பக்கவாட்டில் இறங்கும் தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர். வெள்ளைக்காரர்கள் நம் கோபுரத்தைப் பகோடா என்றார்கள், அதனால். நாகப்பட்டினத்தில் 1867 வரை நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை அதே வெள்ளைக்காரர்கள் ‘சீனப் பகோடா’ என்று குறித்துவைத்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் நின்றது சீனக் கோபுரம், சீனர் தெருவில் நின்றது தமிழ்க் கோபுரம்! பெயர் வைக்கிறவர்கள் தெருவில் குடியிருப்பவர்களைக் கேட்டுக்கொண்டு வைப்பதில்லை.

குடியிருப்பவர்கள் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். சிங்கப்பூர்ச் சீனர் பகுதியில் பல தெருக்களுக்கு இரண்டு பெயர். நகராட்சி வைத்தது ஒன்று, வாயில் புழங்கியது இன்னொன்று. பகோடா தெருவைக் ‘குவாங் ஹப் யுவென்’ தெரு என்றார்கள். கப்பலில் வந்திறங்கிய கூலிகளை அடைத்துவைத்த விடுதியின் பெயர் அது. ஸ்மித் தெரு அவர்களுக்கு நாடகக் கொட்டகைத் தெரு. லாய் சுன் யுவென் என்ற கான்டனீஸ் நாடக அரங்கு 1887-இலிருந்து அங்கே இருந்தது. அப்பர் சின் சியூ தெரு, தோஃபூ தெரு. சேகோ லேன், செத்தவர் தெரு. மொத்தப் பகுதிக்கும் சீனத்தில் ‘மாட்டு வண்டித் தண்ணி’ என்று பெயர். வண்டியில் தண்ணீர் வந்த காலத்தை அந்தப் பெயர் இன்னும் பிடித்துவைத்திருக்கிறது.

ஸ்மித் தெருவிலும் அதைக் குறுக்கே வெட்டும் திரெங்கானு தெருவிலும் நாடகம் மட்டும் நடக்கவில்லை. 1880-களில் சீனர்களில் ஏறத்தாழப் பத்து ஆணுக்கு ஒரு பெண்தான். துறைமுகத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் ஆண் கூலிகள் தேவைப்பட்டார்கள். அவர்கள் குடும்பமாக வந்தால் செலவு. ஆகவே அரசு பாலியல் விடுதிகளைப் பதிவு செய்து நடக்கவிட்டது. 1870-இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் இந்தியாவில் போட்ட அதே மாதிரிச் சட்டம். நோய்ச் சோதனை பெண்ணுக்கு மட்டும். வந்து போகிற மாலுமிக்கும் சிப்பாய்க்கும் இல்லை. சென்னையில் ‘லாக் ஆஸ்பத்திரி’ வரலாற்றைப் படித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெண்களைப் பற்றி ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் வாரன் 1993-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். பெயரே ‘ஆ கூவும் கராயுகிசானும்’. கராயுகிசான் என்றால் ஜப்பானிலிருந்து கடல் கடந்து கொண்டுவரப்பட்ட பெண்கள். ஆ கூ என்பது சீனப் பெண்களை அழைத்த சொல், கான்டனீஸில் மரியாதையான விளி. ‘தேவரடியார்’ என்ற சொல்லைக் கல்வெட்டிலிருந்து இழுத்துவந்து வசவாக்கிய நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும். வாரன் பெரிதும் நம்பியது மரண விசாரணைக் கோப்புகளை. ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால், கொல்லப்பட்டால், விசாரணை நடக்கும். பக்கத்து அறைப் பெண்கள் வந்து சாட்சி சொல்வார்கள். அவள் அன்று என்ன சாப்பிட்டாள், யாருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது, கடைசியாக என்ன பேசினாள் என்பதெல்லாம் அப்போதுதான் தாளில் ஏறும். உயிரோடு இருந்தவரை பதிவேட்டில் ஓர் எண், செத்த பிறகு ஒரு வாழ்க்கை. ஆவணக் காப்பகம் நம்மைப் போன்றவர்களை நடத்தும் விதம் இது.

அடுத்து வந்த பெண்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் மலாயாவில் வேலை குறைந்தது. சீன ஆண் கூலிகள் வருவதற்கு அரசு உச்சவரம்பு வைத்தது. பெண்களுக்கு அந்த வரம்பு இல்லை, 1938 வரை இல்லை. கப்பல் டிக்கெட் தரகர்கள் உடனே கணக்குப் போட்டார்கள். ஆணுக்கான டிக்கெட் ஒன்று வேண்டுமானால் பெண்களுக்கான மூன்று நான்கு டிக்கெட்டையும் சேர்த்து வாங்க வேண்டும் என்றார்கள். அந்த ஓட்டையின் வழியாக லட்சத்துக்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் வந்தார்கள். பலர் தனியாக. குவாங்டோங் மாகாணத்தின் சாம்சுயி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். ஷுன்டாக் மாவட்டத்துப் பட்டுத்தொழில் பெண்கள், தொழில் படுத்ததும் வந்து வீட்டுப் பணிக்குப் போனார்கள். இவர்களில் பலர் திருமணம் வேண்டாம் என்று சடங்கு செய்து, தலையை வாரிக் கொண்டையிட்டுக்கொண்டவர்கள். கொண்டை போட்ட நாளிலிருந்து அவளை யாரும் பெண் கேட்கக் கூடாது.

எனக்கு இங்கே பெரியாயா குறுக்கே வருகிறார். இங்கே ஆண் கப்பலேறினான், பெண் வாசலில் உட்கார்ந்தாள். அங்கே சாம்சுயி கிராமத்தில் பெண் கப்பலேறினாள், புருஷனும் மாமியாரும் அவள் அனுப்பும் பணத்துக்குக் காத்திருந்தார்கள். துணிச்சல் என்று ஒரே வார்த்தையில் இதைப் பூசி மெழுக நான் தயாராக இல்லை. வறுமை துரத்தியது, சட்டத்தில் ஒரு சந்து கிடைத்தது, புகுந்துவிட்டார்கள். ஆனால் போன இடத்தில் அவர்கள் பாலியல் விடுதிக்கும் அபினிக்கும் போகவில்லை. தலையில் சிவப்புத் துணியைச் சதுரமாக மடித்துக் கட்டி, கருநீலச் சட்டையும் கால்சட்டையும் போட்டு, பழைய டயரில் வெட்டிய செருப்போடு, தோள் கம்பின் இரண்டு பக்கமும் செங்கல்லும் மண்ணும் தொங்க நடந்தார்கள். யுத்தத்துக்குப் பின் எழுந்த சிங்கப்பூரின் எத்தனையோ கட்டடங்களுக்கு மண் சுமந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் குடியிருந்தது தோஃபூ தெருவிலும் அதைச் சுற்றியும். சீனக் கடைவீடு முகப்பில் குறுகலாகவும் உள்ளே ரயில்பெட்டி போல நீளமாகவும் இருக்கும். மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்துச் சன்னல் இல்லாத அறைகளாக்கி வாடகைக்கு விட்டார்கள். பக்கத்து அப்பர் நான்கின் தெருவில் வீடு வீடாகப் போய் ஆய்வு செய்த பாரிங்டன் கே 1960-இல் வெளியிட்ட நூலைப் படித்தால் மூச்சு முட்டும். ஓர் அறையில் ஒரு குடும்பம், மாடிப்படிக்கு அடியில் இன்னொருவர். தனிப் பெண்கள் பலர் சேர்ந்து ஓர் அறை எடுத்துப் படுக்கையைப் பங்கிட்டார்கள். அறைக்குள் நிற்க இடமில்லாதபோது வாழ்க்கை எங்கே நடக்கும்? முன்னால் ஐந்தடி நடைபாதையில், பின்னால் சந்தில்.

ஐந்தடி நடைபாதை 1822-இல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்திலிருந்து வந்தது. எல்லாக் கடைவீட்டுக்கும் முன்னால் கூரையோடு ஒரு தாழ்வாரம் இருக்க வேண்டும் என்று விதி. அங்கே கடிதம் எழுதித் தருகிறவர்கள் ஒரு மேசை, ஒரு தூரிகையோடு உட்கார்ந்திருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, ஊருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வார்கள். நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் காதில் விழ. நம் தபால்காரர் பெரியாயாவுக்குத் திண்ணையில் படித்துக் காட்டியதும் அப்படித்தான். ஒரு கடிதத்தின் இரண்டு முனையிலும் அந்தரங்கம் என்ற ஒன்று பெண்ணுக்கு இல்லை.

பின்சந்துக்கு வேறு கதை. பழைய கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. மலத்தொட்டியைக்கூட வீட்டுக்குள்ளிருந்து, சமைக்கிற இடத்தைத் தாண்டி, முன்வாசல் வழியாகத்தான் தூக்கிப் போக வேண்டும். கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்த சிம்ப்சன் என்பவரை அழைத்து ஆய்வு செய்யச் சொன்னார்கள். 1907-இல் அவர் அறிக்கை கொடுத்தார். வீடுகளின் பின்புறத்தை இடித்துச் சந்து விடுங்கள், காற்றும் வரும், மலக்கூடையும் வெளியே போகும் என்றார். 1927-இல் இதற்கென ஒரு நகர மேம்பாட்டு அமைப்பே உருவானது. இன்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும் பின்சந்துகள் பல மலம் அள்ளுவதற்காக வெட்டப்பட்டவை. வாளி எடுக்கும் முறை சிங்கப்பூரில் 1987-இல்தான் முற்றிலும் முடிந்தது. நம்மூரில் சட்டம் போட்ட பிறகும் முடியாததை நினைத்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன். அதே சந்தில்தான் துணி காய்ந்தது, காய்கறி அரிந்தார்கள், தலை வாரினார்கள், சீட்டுப் பணம் பிரித்தார்கள்.

சாவும் சந்துக்குத்தான் வந்தது. பங்கு அறையில் ஒருத்தி செத்தால் மற்றவர்களுக்கு ஆகாது என்று நம்பினார்கள். வீட்டுக்காரருக்கும் பிடிக்காது. அதனால் முடியாமல் போன கிழவிகள் சேகோ லேனின் சாவு வீடுகளுக்குப் போனார்கள். மேலே படுக்கைகள், கீழே ஈமச் சடங்குக்கான இடம். பக்கத்துக் கடையில் காகித வீடும் காகிதப் பணமும் விற்றார்கள். செங்கல் சுமந்தே காலம் கழித்தவள் தன் சாவுச் செலவுக்கும் தானே சேர்த்துவைத்திருப்பாள். 1961-இல் சாவு வீடுகளுக்குத் தடை வந்தது.

அதன் பிறகு இடிப்பு. 1970-களில் தோஃபூ தெரு போனது. அந்த இடத்தில் இன்று நிற்பது அடுக்குமாடி வளாகம். சேகோ லேனின் பெரும்பகுதியும் போனது. மிச்சம் இருந்தவற்றை 1989 ஜூலையில் பாதுகாக்கப்பட்ட மரபுப் பகுதியாக அறிவித்தார்கள். பகோடா தெருவின் மூன்று கடைவீடுகளுக்குள் 2002-இல் சீனர் மரபு மையம் திறந்தார்கள். முகப்புகளுக்குப் புது வண்ணம் அடித்தார்கள். பாதுகாப்பு என்பதை நான் கேலி செய்யவில்லை. நம் ஊர்களில் அதுகூட நடப்பதில்லை. ஆனால் முகப்பைப் பாதுகாத்தால் வீதி நிற்கும். தடுப்பு அறைகளும் சந்தும் நிற்குமா? பெண்கள் வாழ்ந்தது முகப்பில் இல்லையே.

அவர்களும் திரும்பி வந்தார்கள், பொம்மையாக. 1986-இல் தொலைக்காட்சித் தொடர் வந்தபின் சிவப்புத் தலைத்துணி நாட்டின் அடையாளங்களில் ஒன்றானது. பகோடா தெருக் கடை ஒன்றில் விரல் நீளத்துக்கு ஒரு சாம்சுயி பொம்மையைப் பார்த்தேன். கை தானாக அதைத் திருப்பி அடியைப் பார்த்தது. எங்கள் ஊர்ப் பழக்கம். சுட்ட மண்ணாக இருந்தால் அடியில் மெருகு ஏறாத வளையம் இருக்கும். இது ரெசின். இரண்டு பக்கமும் பிசிறுகூடத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். அம்மா பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். பொம்மை சிரித்துக்கொண்டிருந்தது.

சிரிக்காத ஒருத்தியையும் பார்த்தேன். மாரியம்மன் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் அதே சவுத் பிரிட்ஜ் சாலையில், ஒரு கடைவீட்டின் பக்கச் சுவர் முழுக்க ஓவியம். 2024-இல் ஷான் டன்ஸ்டன் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்தது. இளம் சாம்சுயி பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், விரலிடுக்கில் சிகரெட். ஒருவர் புகார் கொடுத்தார். உழைப்பாளிப் பெண்ணைப் போல இல்லை, வேசியைப் போல இருக்கிறாள் என்பது புகாரின் சாரம். மரபுக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பு சிகரெட்டை அழிக்கச் சொன்னது. புகைப்பதை இயல்பாக்குகிறது என்று சுகாதார அமைச்சும் சொன்னது. பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் ஓவியம் அப்படியே இருக்கலாம் என்றார்கள். முன் அனுமதி வாங்காததற்காகக் கட்டட உரிமையாளருக்கு 2,000 டாலர் அபராதம்.

சாம்சுயி பெண்கள் புகைத்தார்கள். தலைத்துணியின் மடிப்பில் சிகரெட்டையும் தீப்பெட்டியையும் காசையும் செருகிவைப்பது அவர்கள் வழக்கம். எங்கள் பக்கம் நடவுக்குப் போகும் கிழவிகள் முந்தானையில் சுருட்டை முடிந்துவைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். புகாரில் என்னை உறுத்தியது சிகரெட் இல்லை, ஒப்பீடு. தோஃபூ தெருவும் ஸ்மித் தெருவும் பத்து நிமிஷ நடை. ஒரே கப்பலில் வந்திறங்கிய இரண்டு பெண்களில் ஒருத்தி ஒரு சந்துக்கும் இன்னொருத்தி மற்றதற்கும் போயிருக்கலாம். ஒருத்திக்குப் பொம்மை செய்து விற்கிறோம். மற்றவள் பெயரை அவளைத் திட்டப் பயன்படுத்துகிறோம். செங்கல் சுமந்தவளின் மானத்தைக் காப்பாற்ற ஆ கூவை அடிக்க வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் 2019-இல் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நான்கு சிலைகளை நிறுத்தினார்கள். ஒருவர் பழைய அரசர், ஒருவர் எழுத்தாளர், ஒருவர் சீன வணிகர், ஒருவர் நம் நாராயண பிள்ளை. சூளைக்காரருக்குச் சிலை வைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஐந்தும் ஆண்கள் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் வீட்டுப் பெண்கள் வேலை செய்த, தண்ணீர் பிடித்த, உட்கார்ந்து பேசிய சந்துகளுக்கு நகராட்சிப் பெயர் என்ன, அவர்கள் வைத்த பெயர் என்ன, எழுதிக்கொண்டு வாருங்கள். முப்பத்தொரு பேர் எழுதிவந்தார்கள். முறுக்காயா சந்து. குழாயடி முடுக்கு. பிரசவம் பார்த்த ஒரு கிழவியின் பெயரில் ஒரு சந்து. அந்தக் கிழவி செத்து நாற்பது வருஷம் ஆகிறதாம், பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பத்திரத்தில் அது வெறும் குறுக்குத் தெரு. ஒரு பெண் எழுதாமல் வந்து, “எங்க தெருவுக்கு இருக்கிற பேரை எழுத முடியாது மிஸ், சாதிப் பேரு” என்றாள். எழுத வேண்டாம் என்றேன். பிறகு யோசித்து, நீ வைக்க விரும்பும் பெயரை எழுது என்றேன். இன்னும் தரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். கொட்டகைக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். உடைந்த பொம்மைகளைக் கொட்டுகிற இடம். மத்தியானம் பெண்கள் அங்கேதான் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போவேன். தலையில்லாத கிருஷ்ணர்களோடும் கையில்லாத லட்சுமிகளோடும் விளையாடியிருக்கிறேன்.

“அதுக்கு என்னம்மா பேரு வெச்சிருந்தீங்க?”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பேரு என்னாத்துக்கு? ‘பின்னாடி’ன்னு சொல்லுவோம். ‘பின்னாடி வா, சாப்புடலாம்’பாங்க. எல்லாருக்கும் தெரியும்.”